நான்கு கட்டமும் காலி

மார்ச் 3
கிளினிக்கின் தேடல் பக்கம் முடிந்தது. பெயர், வயது, டாக்டர், தேதி என நான்கு கட்டம். நிரப்பியதை மட்டும் நிபந்தனையாகக் கோர்த்துத் தேடும். காலியாக விட்டதைக் கண்டுகொள்ளாது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம்.

பக்கத்து சீட் சோடாபுட்டி எட்டிப் பார்த்து, "எதுவுமே நிரப்பலேன்னா என்னங்க வரும்?" என்றான். சேர்ந்து இரண்டு மாதம்தான், அதற்குள் நோட்டம்.

மார்ச் 11
தேடல் பக்கத்தின் பதிவுகளைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலை எட்டு ஐந்துக்கு யாரோ பன்னிரண்டாயிரம் நோயாளிகளின் விவரத்தையும் மொத்தமாக எடுத்திருக்கிறார்கள். நேரம் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை.

அவ்வளவு சீக்கிரம் ஆபீசுக்கு வருவது யார்? சோடாபுட்டி.

மார்ச் 12
ஏழே முக்காலுக்குப் போய் நின்றேன். என்னைக் கண்டதும் லேப்டாப்பை மூடினான். ஏன் மூட வேண்டும்? அதைத் தூக்கிக்கொண்டு கான்டீன் போனான். எட்டு ஐந்து — மறுபடியும்.

"உன் நிழலைப் பாத்தாலே உனக்குச் சந்தேகம்டி" என்கிறாள் அக்கா. அவளுக்கென்ன தெரியும்.

மார்ச் 14
மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே கேள்வி கேட்டு ஆழம் பாத்தான் சார்." லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டார்கள். வேலை இருக்குமா என்பது அடுத்த வாரம் தெரியும். அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனான். அழுத்தக்காரன்.

மார்ச் 17
எட்டு ஐந்து. மறுபடியும்.

மார்ச் 18
கிளினிக்குக்கே போனேன். வரவேற்பில் இருக்கும் அம்மா கம்ப்யூட்டரைப் போட்டதும் தேடல் பொத்தானை ஒரு தட்டு தட்டினார். நான்கு கட்டமும் காலி. மணி எட்டு ஐந்து. பெயர்கள் ஓடு ஓடென்று ஓடின.

"ஏம்மா எதுவும் போடாம தட்டுறீங்க?"

"மிஷின் முழிச்சிருச்சான்னு பாக்கத்தாம்மா. தினமும் பாப்பேன்."

நிபந்தனை இல்லையென்றால் எல்லாரும். நான் எழுதியது. அவன் கேட்டதும் இதைத்தானே? ஐயோ, ஒருத்தன் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தேனே.

மார்ச் 19
எல்லார் முன்னாலும் சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டேன், "சரிங்க" என்றான், அவ்வளவுதான். அன்றைக்கு எதற்கு மூடினான்? அதை நான் கேட்கவில்லை.

மார்ச் 21
நான்கும் காலியென்றால் இனி ஒரு பெயர்கூட வராதபடி மாற்றிவிட்டேன். யார் சரிபார்ப்பது என்று மேனேஜர் கேட்டார். அவன் பெயரைச் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் எட்டிப் பார்த்தான். "பெயர்க் கட்டத்துல வெறும் ஸ்பேஸ் மட்டும் தட்டினா என்னங்க வரும்?"

தட்டினேன். பன்னிரண்டாயிரம் பேரும் வந்தார்கள்.

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.