காலியென்று நான் கொட்டிய தொட்டி

என் கோமளாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஸ்ரீராம்புரத்தில் ஜூன் தூறல் தொடங்கிவிட்டது. மொட்டை மாடியில் உன் செம்பருத்தி மூன்று மொட்டு வைத்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதமில்லை. ஒரு தப்புச் செய்துவிட்டேன், உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாடியில்தான் பந்தி. இடம் போதவில்லை. செடி இருந்த தொட்டிகளை ஓரமாக நகர்த்தினோம். வெறும் மண்ணாகக் கிடந்த நாலு பெயின்ட் பக்கெட்டைக் காட்டி, "இது காலிதான், கொட்டிருங்க" என்றேன். சொன்னதோடு நில்லாமல் நானே இரண்டைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து மனையில் கவிழ்த்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மகள் சுமதி உன் போனிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தாள். அன்றுதான் நானும் பார்த்தேன். நீ இருந்தபோது ஒரு நாளாவது பார்த்தேனா? சின்ன லென்ஸைப் போனில் மாட்டிக்கொண்டு ஒரே இலை முன்னால் அரை மணி நேரம் குந்தியிருப்பாய். "பூச்சி டாக்டரம்மா, காபி கிடைக்குமா?" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பேன். அவ்வளவுதான் நான் கண்டது.

மார்கழிப் பனியில் ரோஜா முள்ளின் நுனியில் ஒரு துளி. மாசியில் கறிவேப்பிலைக் கொழுந்து, நகத்தைவிடச் சின்னது. ஆடிச் சாரலில் செம்பருத்திக்குள் தலைகீழாகத் தொங்கும் எறும்பு. நடுவே வெறும் மண். ஒவ்வொரு வருஷமும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, வாரம் ஒரு படம், வெறும் மண்.

"இவளுக்கென்ன பைத்தியமா, மண்ணப் போய் எடுத்து வெச்சிருக்கா" என்றேன். சுமதி அடுத்த படத்தைத் தள்ளினாள். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பச்சை மூக்கு. அதற்கடுத்து மே மாதம், தண்டின் உச்சியில் முழுசாக ஒரு சிவப்புப் பந்து.

"அது காலி இல்லப்பா. அம்மாவோட பந்துப்பூ. குளிர்ல இலையெல்லாம் போய் கிழங்கு மட்டும் உள்ள தூங்கும். அந்த பக்கெட்டுங்க எங்க?"

செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். மனையில் அஸ்திவாரம் தோண்டி ஜல்லி கொட்டியிருந்தார்கள். நான் நின்ற நிலையைப் பார்த்து எதிர்வீட்டு கௌரம்மா வந்து, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

"ஒள்ளே மண்ணு, நல்ல மண்ணு வீணா போகுதேன்னு ரெண்டு கூடை நான்தான் அள்ளினேண்ணா. கறிவேப்பிலை தொட்டில ஹாக்கிட்டேன். கிழங்கு இருந்துச்சா இல்லையா, கவனிச்சு நான் நோடலை."

மே முழுக்க அவள் வாசலில் நின்றேன். ஷிப்டுக்குப் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம். ஒன்றும் வரவில்லை. போன வாரம் அவளே கூப்பிட்டுக் காட்டினாள். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் பந்துப்பூவின் சுருண்ட இலை ஒன்று. கிழங்கை அலைக்கழித்தால் அந்த வருஷம் பூக்காதாம், இலைதான் வருமாம்.

உன் லென்ஸை மாட்டிப் படமெடுத்தேன். எல்லாம் கலங்கல். நீ எப்படி எடுத்தாய் என்று பார்க்க உன் படங்களை மறுபடி திறந்தேன். காற்றில் ஆடாமலிருக்க இடது கையால் இலையைப் பிடித்திருக்கிறாய். ஓரத்தில் உன் விரல் தெரிகிறது. கடைசி வருஷத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தேன், கோமளா. சித்திரையில் மோதிரம் விரலோடு ஒட்டியிருக்கிறது. ஆவணியில் தளர்ந்துவிட்டது. கார்த்திகையில், கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருக்கிறாய்.

பொம்மசந்திரா ஃபாக்டரியில் முப்பது வருஷமாக செக்கிங் வேலை பார்க்கிறேன். மயிரளவு கீறல் இருந்தாலும் பீஸை ஒதுக்கிவிடுவேன். என் வீட்டில் நீ இளைத்தது எனக்குத் தெரியவில்லை. "வெயிட்டு கொறஞ்சா நல்லதுதானே" என்று, கேட்டவர்களிடம் நீ சொன்னாய். நானும் சிரித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன். அந்த நூலைச் சுற்றும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தாயா? காட்டியிருந்தால் பார்த்திருப்பேனா?

கௌரம்மா தொட்டியோடு எடுத்துப் போகச் சொன்னாள். வேண்டாமென்றேன். இன்னொரு தரம் அதை அலைக்கழிக்க எனக்கு மனசில்லை.

நேற்று சனிக்கிழமை. சுமதி வழக்கம்போல் வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டு, "நான் நல்லாத்தான் இருக்கேன்பா" என்றபடியே செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனவளை நிறுத்தி வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. "என்னம்மா ஆச்சு?" என்றேன். செருப்போடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நீ போனதிலிருந்து என் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தரம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வேலைக்குப் போகவில்லை.

நல்லாயிருக்கேன் என்று அவள் சொன்னால் இனி நான் அப்படியே விட்டுவிட மாட்டேன், கோமளா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் உன் வீட்டுக்காரனாகவே இருக்கும்
தனபால்