கீழ்வரி என்னுடையது

உம்முடைய மனிசி நேற்று ஆசுப்பத்திரிக்கு வந்து, நான் மருந்து கலக்கிற மேசையில் உம்முடைய குழல் பெட்டியை வைத்துவிட்டுப் போனா. திறந்ததும் மெழுகுதிரி மணந்தது. அந்தக் கறுத்த மேல்நாட்டு மரக்குழலின் மூட்டுகள் இறுகாமல் இருக்க, மாதா கோயில் மெழுகுதிரியின் அடிக்கட்டையைத் தேய்ப்பீரே, அந்த மணம்தான். நீர் செத்து முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு நான் உம்முடைய அல்லைப்பிட்டிப் பக்கம் போகவேயில்லை. போய் யாரோடு கதைக்கிறது?

பெட்டிக்குள் அந்தத் தாள்களும் இருந்தன. நீர் கப்பலில் சமையல்காரனாக ஓடின காலத்தில் உமக்குக் குழல் பழக்கின வெள்ளைக்காரன், இளைப்பாறின பிறகு தபாலில் அனுப்பினவை. எல்லாம் புதிதாக எழுதப்பட்ட பாட்டுகள், குழல் ஒன்றுக்கு மட்டும். ஒவ்வொன்றும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. வாசித்து முடிக்க இரண்டு நிமிசம், கைக்குள் கொண்டுவர மூன்று மாதம். முதல் தரம் கேட்டபோது, குழலுக்குத் தடிமன் பிடித்துவிட்டதோ, மருந்து தரட்டோ என்று பகிடி விட்டேன். நீர் கோபிக்கவில்லை. இன்னொருக்காக் கேளும் என்றீர்.

கேட்டேன். ஒன்றில் ஊதவே கூடாது, குழலின் துளைகளை மூடுகிற சாவிகளை மட்டும் தட்ட வேண்டும். காய்ந்த ஓலைவேலியில் மழை தொடங்குகிற மாதிரி இருந்தது. இன்னொன்றில் சுரமே இல்லை, வெறும் மூச்சு. இப்படியும் ஒருவன் எழுதுவானோ, ஏன் எழுதினான் என்று எனக்கு விசர் பிடித்துவிட்டது.

பிறகு வந்தது அந்த இரண்டு வரிப் பாட்டு. மேலே குழலுக்கு ஒரு வரி, கீழே வாயை மூடி இசைக்க ஒரு வரி. விளக்கம் எழுதின தாள் வந்து சேரவில்லை. கீழ்வரிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நீர்தான் முடிவுகட்டினீர். தேவாரம் பாடின தொண்டை சும்மாதானே கிடக்கிறது என்று என்னைப் பிடித்தீர். நயினாதீவு ஐயர் வீட்டுப் பிள்ளை நான், சனிக்கிழமை தவறாமல் ஆசுப்பத்திரி இருக்கிற ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறி வந்து, உம்முடைய குசினி வாசலில் வலைகளுக்கு நடுவில் இருந்து முனகினேன்.

நான் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பேன். உம்முடைய குழல் அதற்கு ஒரு மயிரிழை மேலே வந்து நிற்கும். இரண்டும் உரசும்போது காதுக்குள் வேறொன்று நடுங்கும். அதை நீரும் ஊதவில்லை, நானும் பாடவில்லை.

"உது ஆர், மூண்டாவது ஆள்?" என்று கேட்டீர்.

எனக்கும் தெரியாது. அந்த ஆளைத் தேடித்தான் ஆறு வருசம் வந்தேன்.

எழுபத்தாறிலோ என்னவோ, அதைக் கசெற்றில் பிடித்து வெள்ளைக்காரனுக்கு அனுப்பினோம். பதில் வந்தது. என்னவாம் என்று கேட்டேன். நல்லாயிருக்காம் என்று சொல்லிக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தீர்.

அந்தக் கடிதமும் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு வரியும் ஒரே ஆளுக்காம். ஊதுகிறவனே ஊதிக்கொண்டு தொண்டைக்குள் இசைக்க வேண்டுமாம், அதுதான் அந்தப் பாட்டின் சோதனையாம். கசெற்றில் கேட்கிற மற்றக் குரல் யாருடையது என்று கேட்டிருந்தான். தனியே இருந்தும் எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒருவன் தனியே வாசிக்க வேண்டிய பாட்டுக்குள் இத்தனை காலம் குறுக்கே நின்றிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று உம்மில் கோபமும் வந்தது.

பிறகுதான் பாட்டுத் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் உம்முடைய பென்சில் எழுத்து: "தனிய வாசிச்சுப் பாத்தனான். சரிவந்திட்டுது. ஐயருக்குச் சொல்லேல்லை." கீழே நாளும் போட்டிருந்தீர், கடிதம் வந்த அதே மாதம். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் படலையடியில் நின்றுகொண்டு ஒரே கதைதான் சொன்னீர்.

"கெதியா வாரும். நீர் இல்லாமல் இது ஏலாது."

இன்று நயினாதீவு வீட்டுக்குப் போக லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்றபோது, குறிகட்டுவான் துறைப் பாலத்தில் என் சுரத்தைப் பிடித்துப் பார்த்தேன். உம்முடைய குழல் இல்லாமலே அது இறங்காமல் நிற்கிறது. ஒன்றை மட்டும் உம்மிடம் கேட்கவேண்டிக் கிடக்கிறது. தனிய வாசித்த அன்று, அந்த மூண்டாவது ஆள் வந்தவரோ?