அண்ணன் சாக்சபோனில் ஒட்டியிருந்த டியூப் துண்டு

என்னோட கூடப் பொறந்த ராசாங்கம் அண்ணனுக்கு,

நல்லா இருக்கியான்னு ஒன்ன கேக்க முடியாது. நான் நல்லா இல்லன்னு மட்டும் சொல்லிக்கிறேன். முழங்கால் மடக்க முடியல. நீ போயி ஒரு வருசம் ஆயிடுச்சி, இன்னும் சோத்தக் கொழையக் கொழைய வடிக்கிறேன். பல்லில்லாத ஒனக்கு ஆக்கிப் போட்டுப் பழகின கை. அந்தக் கூழ நானே தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சி.

இத நம்ம லைப்ரரிக்கார சார் வாங்கிப் பத்திரிகைக்கு அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. அதனால ஊரே படிக்கும். படிக்கட்டும்ணே. எனக்கு இனிமே ஒளிச்சி வெக்கத் தெம்பு இல்ல.

போன செவ்வாக்கெழம மேலத்தெரு பெரிய வூட்டுலேருந்து ஒருத்தன் வந்தான். முப்பது வயசு இருக்கும். வண்டிய விட்டு எறங்கல. "அஞ்சல, எங்க தாத்தா இன்னும் ரெண்டு நாள் தாங்க மாட்டாரு. ஒங்கண்ணன் சாக்சபோனு ஒங்கிட்டதான இருக்கு? அந்த செட்டுல கூட ஊதுன சூசைய எடுத்துட்டு வரச் சொல்லிடு. சத்தம் ரோடு வரைக்கும் கேக்கணும்." எனக்கு அறுபத்தி நாலு வயசு. பால்வாடியில அவனுக்கே சத்துமாவு உருண்ட புடிச்சிக் குடுத்த கை இது. "பாக்குறேன் தம்பி"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நம்ம வாயில அதுதான வருது.

ஒன்னத் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கிறேன், கோச்சுக்காத. தாத்தாவும் அப்பாவும் பறையடிச்சவங்க. மேலத்தெருவுல சாவுன்னா வர முடியுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க, வந்து சொல்லிட்டுப் போவாங்க, அவ்வளவுதான். நீதான் இந்த வேலையே வேணாம்னு பொன்மலை ரயில்வே பட்டறைக்கு ஓடுன. அங்க சட்டைக்காரத் தொரைங்க, அதான் ஆங்கிலோ இந்தியருங்க, டான்ஸ் ஆடுற ஹாலுக்கு வெளிய நின்னு நின்னு காதக் குடுத்தியாம். அதுல ஒரு தொரை குடும்பத்தோட கப்பலேறும்போது, பைத்தியம் மாதிரி பின்னாடியே சுத்துறானேன்னு ஒங்கிட்ட அந்தப் பித்தளைய விட்டுட்டுப் போனாரு. அதத் தூக்கிட்டு நீ அரியலூர் ஸ்டேஷன்ல எறங்குனப்ப, இந்தப் பக்கத்துல யாரும் சாக்சபோன கண்ணால பாத்ததில்ல. தண்ணிக் கொழாய வளச்சி எடுத்துட்டு வந்துட்டான்னு நம்ம தெருவே சிரிச்சிது.

பேண்டு செட்டு வெச்ச. கல்யாணம், தேரு, கட்சி ஊர்வலம்னு எதுவா இருந்தாலும் பாட்ட நேரா ஊத மாட்ட. பாதியில எங்கேயோ கழண்டு போயிடுவ. "பாட்ட பாட்டா ஊதுய்யா"ன்னு எத்தன மாப்ள வூட்டுக்காரன் சண்டைக்கு வந்திருக்கான்! நான் கேட்டதுக்கு நீ சொன்ன: "பாட்டுங்கறது தார் ரோடு புள்ள. நான் வண்டிய முந்திரிக் காட்டுக்குள்ள எறக்கி ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி ரோட்டுல ஏத்துவேன். ஏத்த முடியலன்னா நான் ஆளே இல்ல. இதுக்குப் பேருதான் ஜாஸ்." எனக்குப் பாதி புரிஞ்சிது. இப்பப் பெரம்பலூர்லேருந்து மீன்சுருட்டி வரைக்கும் எந்த செட்டப் பாரு, நடுவுல ஒருத்தன் தனியா பிச்சிட்டுப் போறான். அதுக்குப் பேரே ராசாங்கம் சுத்துன்னுதான் சொல்றானுங்க. ஒன்னப் பாக்காத பசங்ககூட அப்படித்தான் சொல்லுதுங்க.

இவ்வளவு ஆனப்புறமும் சாவு மட்டும் ஒன்ன விடல. பறைக்குப் பதிலா சாக்சபோனு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தடவ பெரம்பலூர் கல்யாணத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லி, பெரிய வூட்டுச் சாவுக்கு வர முடியாதுன்ன. அந்த வருசம் பூரா அப்பாவுக்கு அவங்க கொல்லக்காடு ஒண்ணுலயும் வேல இல்ல. முந்திரி பொறுக்கக்கூட அம்மாவ உள்ள விடல. அதுக்கப்புறம் நீ முடியாதுங்கற வார்த்தையவே சொல்லி நான் கேட்டதில்ல.

அப்புறந்தான் அந்தப் பல்லு. ஒன்பது வருசம் ஆச்சி. சக்கர வியாதியில ஈறெல்லாம் சீழ் புடிச்சி, மொகம் பானையாட்டம் வீங்கி, டவுன்ல பல் டாக்டர்கிட்ட ஒன்ன இழுத்துட்டுப் போனேன். மேல முன்பல்லு நாலக் காப்பாத்திப் பாக்கலாம், ஆனா பத்துத் தடவ வரணும்னாரு அவரு. வூட்டுல எங்க வூட்டுக்காரரு பக்கவாதத்துல படுத்த படுக்க. யாரு பஸ்ஸேறிப் பஸ்ஸேறி அலையறது? அலுத்துப்போயி சொல்லிட்டேன், "எல்லாத்தையும் எடுத்துடுங்க சார்." நீ என்னத் திரும்பி ஒரு பார்வ பாத்த. சாக்சபோனு ஊத மேல்பல்லு வேணும்னு எனக்கு அப்பத் தெரியாதா? தெரியும்ணே. தெரிஞ்சுதான் சொன்னேன். அவ்வளவு அசதி எனக்கு.

அன்னியிலேருந்து யாரு கூப்பிட்டாலும் ஒனக்கு ஒரே பதிலு. "எந்தங்கச்சி பல்லப் புடுங்கிட்டா சாமி, இனிமே எங்க ஊதறது?" வாயத் தொறந்து ஈற வேற காட்டுவ. நான் உள்ளார நின்னு கேட்டுக்கிட்டு அடுப்பப் பாத்துக் குனிஞ்சிக்குவேன். கண்ணுல பட்டா நெஞ்சு வலிக்குதுன்னு சாக்சபோனயும் சூசை வூட்டுல கொண்டு போயி வெச்சிட்ட. ரெண்டு வருசம் கழிச்சி எங்க வூட்டுக்காரரு போனாரு. மாப்ள, மாப்ளன்னு நீ உசுர விட்ட மனுசன். பாடைய எடுக்கும்போது ஒன்னப் பாத்தேன். நீ துண்டால வாயப் பொத்திக்கிட்டு நின்ன. அவரு சத்தமில்லாமப் போனாரு. என்னாலதான், நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையாலதான்னு நெனச்சி நெனச்சி நான் நிம்மதியாச் சோறு தின்னதில்ல.

போன மாசம் ஒன் வருசத் தெவசத்துக்குத்தான் சூசை பெட்டியக் கொண்டாந்து குடுத்தான். தொறக்க மனசு வரல. பெரிய வூட்டுக்காரன் வந்துட்டுப் போன பின்னாடிதான், குடுக்குறதா இருந்தா தொடச்சாவது குடுக்கணுமேன்னு தொறந்தேன். வாயி வெக்கிற மவுத்பீஸ எடுத்தேன். மேலாக்க ஒன் முன்பல்லு பதிஞ்ச ரெண்டு பள்ளம் இருக்கும்ல, எத்தன தடவ தொடச்சிக் குடுத்திருக்கேன். அந்தப் பள்ளத்தக் காணோம். அது மேல சைக்கிள் டியூப வெட்டி, பஞ்சர் ஒட்டுற பசையால ஒட்டியிருக்கு. டியூபு நடுவுல வழவழன்னு தேஞ்சி கெடக்கு.

பல்லு இருந்த வரைக்கும் ரப்பர் எதுக்கு?

சூசையக் கூப்பிட்டேன். கிளாரினெட்டு ஊதுற ஆளு, நாப்பது வருசமா ஒன் பக்கத்துலயே நின்னவன். டியூபக் காமிச்சேன். தலையச் சொறிஞ்சான்.

"திட்டாதீங்கக்கா. பல்லு எடுத்த ஆறாம் மாசமே ஊதிட்டாரு. ஈறு காச்சிப் போச்சி, வழுக்காம இருக்க டியூப ஒட்டிக்கிட்டு, ஒதட்ட உள்ளார மடிச்சி ஊதுவாரு. மூடிப்போன சுண்ணாம்புக்கல் குழி இருக்குல்ல, அங்கதான். ஞாயித்துக்கெழம தவறாது."

ஞாயித்துக்கெழம! கல்லங்குறிச்சிப் பெருமாளக் கும்புடப் போறேன்னு நாமமெல்லாம் போட்டுட்டுப் போவியே!

"அப்ப ஊர ஏண்டா ஏமாத்துனாரு?"

"ஊதுவாருன்னு தெரிஞ்சா மறுபடியும் பொணத்துக்கு முன்னாடி நடக்கணுமேக்கா. பல்லு இல்லாதவன யாரு அதட்ட முடியும்?" டியூப வெரலால தடவிக்கிட்டே சொன்னான், "ஒங்க வூட்டுக்காரரு போன மறுநாளு என்னக் கூட்டிட்டுப் போனாரு. மத்தியான வெயிலு. மாப்ளைக்குப் புடிச்சதுன்னு ஊதுனாருக்கா. ரோட்டுக்குத் திரும்பி வரவே முடியல அவரால. பாதியிலயே நிறுத்திட்டு, அஞ்சலகிட்ட சொல்லிடாதடான்னு அழுதாரு."

அடப்பாவி மனுசா! எட்டு வருசம்ணே. எங்கிட்ட ஒருத்திகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ஒளறிடுவேன்னு நெனச்சியா? இல்ல, எம்மொகத்துல அந்தக் குத்தம் எழுதியிருந்தாத்தான் ஊரு நம்பும்னு விட்டுட்டியா? எம்புருசனுக்கு ஊதுன நீ, நான் கேக்குற மாதிரி ஊதியிருக்கக் கூடாதா?

ரெண்டு நாளு ஒம்போட்டோவத் திருப்பி வெச்சிட்டேன். கோவம் இன்னும் ஆறல, சும்மா சொல்லக்கூடாது. ஆனா அந்த முந்திரி வருசமும் கூடவே நெனப்பு வருது. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல ஒரு மனுசனுக்கு வாயிப்பல்லு அத்தனையும் போக வேண்டியிருந்திச்சேன்னு நெனச்சா, ஒம்மேல கோவப்படவும் எனக்குச் சத்தில்ல.

நேத்து அந்தப் பெரிய வூட்டுப் பையன் மறுபடியும் வந்தான். பெரியவரு காலையில போயிட்டாராம்.

"சாக்சபோனு வராது தம்பி"ன்னேன்.

"ஏன், கெட்டுப்போச்சா?"

"நல்லா இருக்கு."

"சூசைக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கான்."

"பின்ன என்ன?"

"முடியாது."

அவன் எம்மொகத்தையே பாத்துட்டு நின்னான், காரணத்தத் தேடுறாப்புல. அப்புறம் வண்டிய முறுக்கிட்டுப் போயிட்டான். நான் வாசப்படியிலயே உக்காந்துட்டேன். என்ன வந்தாலும் வரட்டும். இப்ப நமக்கு எவன் கொல்லையும் தேவையில்ல.

வர்ற ஞாயித்துக்கெழம சூசையோட அந்தக் குழிக்குப் போறேன். நீ பாதியில விட்டத அவன் ஊதி முடிக்கறேன்னான். எம்முழங்கால் தாங்குற வரைக்கும் நின்னு கேப்பேன். நாளையிலேருந்து சோத்தப் பதமா வடிக்கப் போறேன். இனி யாரு வந்து கேட்டாலும் ஒம்பல்லச் சாக்குச் சொல்ல மாட்டேன், எம்பல்லக் கடிச்சிக்கிட்டும் நிக்க மாட்டேன். எண்ணிப் பாத்தேன், எனக்கு இன்னும் இருவத்தாறு இருக்கு. அது இருக்கற வரைக்கும் முடியாதுன்னு சொல்ல எனக்கு வேற காரணம் வேணாம். இது ஒனக்கு நான் குடுக்குற வாக்கு.

இப்படிக்கு,
ஒம்பல்லப் புடுங்காத ஒந்தங்கச்சி
அஞ்சலை