கழுத்துப் புண்ணும் ஊதாக் குச்சிகளும்

நவம்பர் 3, சனி

காலையிலிருந்து மழை. கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை. அவர் சாயங்கால ரயிலில் ஆம்பூரிலிருந்து வந்தார். கழுத்தின் வலது பக்கம் ஒரு கொப்புளம். தோல் மண்டியில் தோளில் தூக்குகிற பச்சைத் தோல் கட்டு உரசுகிற இடம். "கொசு கடிச்சிருக்கும்" என்றார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வீக்கம். அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லையாம். வலிக்காததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நவ. 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வீக்கம் தாடை வரை. ஜுரம். மாமியார் நாவிதரைக் கூப்பிடச் சொன்னார். "கீறி வுட்டா கெட்டது போய்டும்." கூடாது என்றேன். "ஆஸ்பத்திரில சீசா கழுவறவ, நீ இன்னா டாக்டரா?" சாயம் போட்டுக் கிருமி பார்ப்பதும் நான்தான். ஜட்கா பிடிக்கப் போனேன்.

ஜட்காவில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. கொப்புளத்து நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி என்னிடம் நீட்டினார். "நீயே பாக்கறியா? முடியுமா?" முடியும் என்றேன்.

முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம். தினம் செய்கிற வேலை. ஸ்பிரிட் பட்டதும் சில கிருமி ஊதாவை விட்டுவிடும், பிறகு சிவப்பைப் பிடிக்கும். சிலது ஊதாவை விடவே விடாது. கிருமியின் மேல் சுவரில் ஏதோ வித்தியாசம் என்பார் டாக்டரம்மா. என்ன வித்தியாசம் என்று அவருக்கும் தெரியாது.

பார்த்தேன். ஊதா. சாதாரணக் கட்டியிலும் ஊதாதான் இருக்கும், ஆனால் உருண்டை, திராட்சைக் கொத்து மாதிரி. இது குச்சி. பெரிய குச்சிகள், ரயில் பெட்டிபோல் வரிசையாக. அடைப்பான். மாட்டுக்கு வருகிற அடைப்பான், அந்தப் பச்சைத் தோலிலிருந்து இவருக்கு.

சீரம் என்கிற ஊசி மருந்து கேட்டு மெட்ராஸுக்குத் தந்தி போயிற்று. அதுவரை புண்ணைத் தொடவே கூடாதாம். கீறினால் ரத்தத்தில் இறங்கிவிடும்.

சரியாகக் கழுவினேனா? ஸ்பிரிட் போதாவிட்டால் எல்லாமே ஊதாவாகத்தான் நிற்கும்.

நவ. 5, திங்கள்

தூக்கம் இல்லை. மழை விட்டது. முதல் வேலையாக மறுபடி சாயம். ஒரே கண்ணாடியில் ஒரு ஓரம் டைபாய்டு கிருமி, அது சிவப்பாக வரணும். மறு ஓரம் அவருடையது. இரண்டுக்கும் ஒரே கழுவல்.

டைபாய்டு சிவப்பு. அவருடையது ஊதா. கழுவலில் தப்பில்லை. தப்பாக இருந்திருக்கக் கூடாதா.

மத்தியானம் மாமியார் நாவிதரையே வார்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். மைக்ராஸ்கோப்பில் காட்டினால் புரியும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தார். "என் கண்ணு மயிருதான் தெரியுது. இதுக்கா என் புள்ளைய இப்படிப் போட்டு வச்சிக்கீறே?" நாவிதர் பெட்டியைத் திறந்தார். கட்டிலுக்கும் நாவிதருக்கும் நடுவில் போய் நின்றேன். "கத்தி பட்டா பொழைக்க மாட்டாரு அத்தே!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமியாரிடம் நான் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை. நாவிதர், "எனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு" என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். மாமியார் அழுதார். நானும்.

அவர் செத்துப்போனால் இந்தப் பழி என் தலையில்.

நவ. 6, செவ்வாய்

சீரம் வந்தது. ஐஸ் பெட்டியில், காட்பாடி ஸ்டேஷனிலிருந்து. ஊசி போட்டாயிற்று. ஜுரம் ஜாஸ்தி. வாய் குழறல். என்னைத் தெரியவில்லை. மாமியார் என்னோடு பேசவில்லை, போகவும் இல்லை. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில்.

நவ. 8, வியாழன்

ஜுரம் இறங்கிற்று. வீக்கம் வடிந்து தாடை எலும்பு தெரிகிறது! "டீ குடு மேரி" என்றார். மாமியார் ஓடிப்போய் வாங்கி வந்தார், இரண்டு டம்ளர். ஒன்று எனக்கு.

நவ. 20, செவ்வாய்

வெயில். கறுப்புப் பொருக்கு உதிர்ந்துவிட்டது. கீழே புதுத் தோல், ரோஜா நிறம். என் கை போய்த் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.

மண்டியிலிருந்து ஆள் வந்தான், வடக்கிலிருந்து புதுச் சரக்கு இறங்கியிருக்கிறதாம். போகாதீங்க என்றேன். "வேற இன்னா வேல தெரியும் எனக்கு?" வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். காலை ரயில். வாசலில் நின்று சிரித்தார்.

"பயப்படாதே. இனிமே எடது தோள்ல தூக்கறேன்."