கழுத்தணியைச் செய்தவர் தையல்நாயகி

என் அன்பு தையல்நாயகி அண்ணிக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. அண்ணன் போன வாரத்திலிருந்துதான் நகைப் பட்டறைக்குப் போகிறார். சாப்பாடு கொஞ்சம்தான். பஃபலோ ரோட்டில் நம் வாசலை அடைத்துக்கொண்டு காய்கறி லாரி இன்னும் நிற்கிறது. வீட்டில் சொல்ல வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஈப்போவிலிருந்து நீங்கள் வந்தபோது, ஆசாரி வீட்டுப் பெண், மகனுக்கு ஒத்தாசையாக இருப்பாள் என்றுதான் அம்மா நினைத்தார். நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு சிற்பக் கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார்கள். உங்களையும் கூட்டிப்போனேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரச் சிற்பி செய்த, சட்டையில் அலங்காரமாகக் குத்திக்கொள்ளும் தங்க ஊசி. மரப்பட்டையை உரித்து வைத்தது மாதிரி இருந்தது. நான் மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தேன். நீங்கள் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னீர்கள்: “பூ இல்ல, கொடி இல்ல, கல்லு இல்ல. தங்கம் தங்கமாவே இருக்கு லீலா.”

பிறகு எத்தனை நாள் செம்புக் கம்பியைத் தட்டிக்கொண்டு இருந்தீர்கள்! உங்களை நம்பித் தங்கம் கொடுக்க யாரும் இல்லை. உங்கள் கல்யாண வளையல்களை உருக்கினீர்கள். அம்மா அழுதார். அண்ணன் ஒரே பேச்சில் முடித்தார்: “அது அவ வளையல்மா.”

காலாங் ஆற்றில் தண்ணீர் வடிந்தால் சேற்றில் தெரியுமே வேர்கள், அந்த மாதிரி ஒரு கழுத்தணி. தடித்தும் மெலிந்தும் ஓடி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சுத்தியல் தடத்தைக்கூட நீங்கள் தேய்க்கவில்லை. பக்கத்து வீட்டம்மா, “மெருகு போட மறந்துட்டியா?” என்றார். எனக்கும் அப்போது பிடிக்கவில்லை. இப்போது சொல்லலாம்தானே?

அடுத்த கண்காட்சிக்கு உள்ளூர்க் கலைஞர்களையும் அழைத்தார்கள். இங்கிலீஷ் விண்ணப்பப் பாரத்தை நிரப்பியது நான். செய்தவர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினேன். பெண் செய்தது என்றால் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேனா, ஊர் சிரிக்கும் என்று பயந்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

கழுத்தணியை எடுத்துக்கொண்டார்கள். மண்டபத்தில் அதன் முன்னால் நின்று கேட்டீர்கள்: “என் பேரு எங்க லா?”

“இதோ” என்று அட்டையைக் காட்டினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத நீங்கள், அண்ணன் பெயரை உங்கள் பெயர் என்று நம்பி விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

இரண்டு நாள் கழித்து, மளிகைக் கடைக்காரர் தமிழ்ப் பத்திரிகையை நீட்டி, “கழுத்தணி செஞ்சவருன்னு உன் புருஷன் பேரு வந்திருக்கு பாரு!” என்றாராம். மாடி ஏறி வந்தீர்கள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

“இங்கிலீஷ்ல என் பேரை எழுதக் கத்துக்குடு.”

அவ்வளவுதான். எழுதிக் காட்டினேன். எழுத்துகளை எண்ணினீர்கள். “பதிமூணா! மோதிரத்துக்குள்ள எப்படிடீ அடங்கும்?” என்று சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததும் விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு செய்த ஒவ்வொன்றின் உட்புறத்திலும் அந்தப் பதிமூன்று எழுத்தையும் பொறித்தீர்கள். உடைந்த சிப்பி மாதிரி ஒரு காப்பு. அதை வாங்கிய சீன டாக்டரம்மா தோழிகளையும் கூட்டி வந்தார். அந்த முதல் கழுத்தணி மட்டும் பெயரில்லாமல் பெட்டியில் கிடந்தது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுக்கு நீ ஒரு பேரு எழுதிட்ட. மாத்துறதுன்னா நீதான் மாத்தணும்.”

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியர், “நாலு வருஷத்துக்கு முந்தின செய்திக்கு இப்ப எப்படிம்மா திருத்தம் போடுறது? கடிதமா எழுதுங்க, போடுறேன்” என்றார். எழுதிவிட்டேன். அந்தக் கழுத்தணியைச் செய்தவர் என் அண்ணன் இல்லை, தையல்நாயகி. தப்பான பெயரை எழுதியது நான்.

அண்ணன் படித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவ பேரைத் தலைப்புலயே போடு” என்றார்.

மன்னித்துவிடுங்கள் அண்ணி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கழுத்தணியைப் போட்டுக்கொண்டு சிராங்கூன் ரோடு முழுக்க நடக்கப் போகிறேன். இது என்ன நகை என்று கட்டாயம் கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் நின்று சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
லீலா