குழாய் வைத்த தலைக்கு மொட்டை மறுக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
மோ. குணசுந்தரி,
க/பெ. மோகன்ராஜ்,
ரெட்டம்பேடு சாலை, கும்மிடிப்பூண்டி.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
அருள்மிகு வேம்படி முருகன் திருக்கோயில்,
கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: எங்கள் மகள் வள்ளிநாயகிக்கு முடிக்காணிக்கை செலுத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது திருவள்ளூரில் எடுத்த ஸ்கேனில், குழந்தையின் மூளையில் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. பிறந்து தங்காமலும் போகலாம், நடக்காமலும் பேசாமலும் இருக்கலாம், நன்றாகவும் இருக்கலாம், இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. திரும்பி வந்த பேருந்தில் அழுதுகொண்டே வேம்படி முருகனை வேண்டிக்கொண்டேன். மூளை சரியாக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் மூன்று வயதுக்குள் மொட்டை போடுகிறேன் என்றுதான் சொன்னேன்.

2. வந்தாள். பிறந்த மாதமே சென்னை அரசு மருத்துவமனையில், தலையில் சேரும் நீர் வயிற்றுக்கு வடிய, தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்தார்கள். அது அடைத்துக்கொண்டதால் ஒரு வயதில் மாற்றினார்கள். இரண்டு வயதுக்குப் பிறகே நடந்தாள். இடது கால் இன்னும் சற்று இழுக்கும். பேச்சு மட்டும் தாமதமாக வந்தாலும் வட்டியோடு வந்தது. இப்போது வாய் ஓய்வதில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா, சந்தோஷமாக இருக்கிறோம்.

3. சென்ற வெள்ளிக்கிழமை முடிமண்டபத்தில் என் அண்ணன் மடியில் உட்கார்ந்து, தலையை அவளே குனிந்து கொடுத்தாள். முடி எடுக்கும் அரசப்பன் தண்ணீர் தடவும்போது, காதுக்குப் பின்னால் குழாய் கையில் தட்டுப்பட்டது. "இன்னாம்மா, தலையில கொழா ஓடுது! கத்தி பட்டா யாரு பதில் சொல்றது? எனக்கு இந்தப் பேஜாரு வாணாம்" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பயந்து நிறுத்தியவர்மீது எனக்கு வருத்தமில்லை.

4. என் புகார் மண்டப மேற்பார்வையாளர்மீது. சீக்குப் பிள்ளைகளை இங்கே ஏன் தூக்கி வருகிறீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். ஒரு கொத்து முடியை வெட்டி உண்டியலில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவள் சீக்குப் பிள்ளை இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகளைப் பார்த்து, எனக்கும் எனக்கும் என்று அழுதவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

5. கவனமாக மழித்தால் ஆபத்தில்லை என்று அறுவை செய்த மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றை இணைத்துள்ளேன். ஆவணியில் அவளுக்கு மூன்று வயது முடிகிறது. ஆகவே வரும் ஆடிக் கிருத்திகையன்று அரசப்பன் அச்சமின்றி முடி எடுக்கத் தாங்கள் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறேன். பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்திடவும் தயார்.

இந்தத் தலையை ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மழித்தாயிற்று ஐயா. இரண்டு முறையும் நான் வெளியே வராந்தாவில் அழுதுகொண்டிருந்தேன். இந்த ஒரு முறை, பக்கத்தில் நின்று சிரிக்க எனக்கு அனுமதி தாருங்கள்.

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 18.07.2007

இப்படிக்கு,
வள்ளிநாயகியின் தாய்,
மோ. குணசுந்தரி