பேய்ப் பிள்ளையளுக்கு ரோல்ஸ் குடுத்த கதை

டூங்கபி
02.11.2008

அன்பு மகள் கல்யாணிக்கு,

முருகன் துணையிலை நாங்கள் ரெண்டு பேரும் சுகம், கொப்பரின்ரை முழங்கால் மட்டும் இந்தப் புது வீட்டு மாடிப்படியோடை கோவம். நீயும் மருமகனும் ரொறன்ரோக் குளிருக்கை சுகமாய் இருக்கவேணும் எண்டு நேத்தும் விளக்கேத்தேக்கை கேட்டனான். இதை ரெலிபோனிலை சொல்ல வெளிக்கிட்டால் நீ சிரிச்சு முடிய முந்திக் கார்ட்டிலை இருக்கிற காசு முடிஞ்சுபோம், அதாலைதான் பேனையை எடுத்தனான். பிழை எல்லாம் உன்னிலைதான், முதலே சொல்லிப்போட்டன்.

ஹோம்புஷிலை இருந்த பழைய வீட்டை விட்டு இங்கை வந்து மூண்டு மாசம். அங்கை எண்டால் இராஜேஸ்வரி அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாலும் ரெண்டு மணித்தியாலம் இருந்து கதைச்சுப்போட்டுத்தான் போவா. இங்கை ஒரு குஞ்சு குருமான் வாசலுக்கு வரேல்லை. பெல் பழுதோ எண்டு கொப்பர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வெளியிலை போய் நிண்டு தானே அடிச்சுப் பாப்பார். நான் ஆரோ வந்திட்டினம் எண்டு சீலையைச் சரிப்பண்ணிக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தால், பெல் நல்லாத்தான் இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு உள்ளை வருவார். சிரிக்காதை, ஒருநாள் எனக்கு அழுகையே வந்திட்டுது. அதுக்குத்தானே நீ சொன்னாய், ஹலோவீனுக்கு ரொபி வாங்கி வையுங்கோ அம்மா, பிள்ளையள் பேய் வேஷம் போட்டு இனிப்புக் கேட்டுத் தாங்களாய் வருங்கள், அதோடை அயல் பழக்கமாகும் எண்டு.

அது வெள்ளிக்கிழமையாப் பாத்து வந்துது, அதோடை கந்தசஷ்டி விரதம். விளக்கு வைக்கிற நேரம் பேயைக் கூப்பிடுறியோ எண்டு கொப்பர் துள்ளினார். அது பேயில்லை, அயலட்டைப் பிள்ளையள் எண்டு சொல்லி மூண்டு பை ரொபி வாங்கினனான். பிறகு, வெறும் ரொபியைக் குடுத்தால் எங்களை என்ன நினைப்பினம் எண்டு அறுபது மரக்கறி ரோல்ஸும் பொரிச்சனான். உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான், சத்தியமாய். ஆறு மணிக்கு, நல்ல வெய்யிலுக்கை, பெல் அடிச்சுது. நான் கொப்பரைத்தான் ஏசினனான், அவர் சாமியறைக்குள்ளை இருந்து நானில்லை எண்டு கத்துறார். திறந்தால் ஏழு பேர், ஒரு எலும்புக்கூடு, ரெண்டு சூனியக்காரி, மிச்சமெல்லாம் கட்டில் விரிப்பு. எல்லாரும் பையை நீட்டுதுகள். நீயே சொல்லு, வாசற்படிக்கு அங்காலை நிக்கிறவைக்கு இங்காலை நிண்டு குடுக்கிறதே, அதுவும் வெள்ளிக்கிழமை, முதன்முதல் வந்த சனத்துக்கு? உள்ளை கூப்பிட்டன், சப்பாத்தைக் கழட்டச் சொன்னன், கதிரையிலை இருத்தி ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ் வைச்சன். ரோல்ஸிலை இலையான் மொய்க்கும் எண்டு கதவையும் சாத்திப்போட்டன்.

தாய் தேப்பன்மார் ரோட்டிலை நிண்டவையாம், எனக்கு என்ன தெரியும்? ஏழு பிள்ளையள் உள்ளை போச்சுது, ஒண்டும் வெளியிலை வரேல்லை, வாசலிலை ஏழு சோடி சப்பாத்தும் ஒரு விளக்குமாறும் கிடக்குது. வந்து கதவை இடிக்கினம். திறந்தது கொப்பர். மேலிலை சேட்டில்லை, நெத்தி நெஞ்செல்லாம் திருநீறு, கையிலை பூசை மணி. முன்னுக்கு நிண்ட ஜூடித் எண்ட மனிசி, பதினாலாம் நம்பர் வீடு, இந்த ரோட்டிலையே உங்கடை வேஷம்தான் திறம் எண்டு சொன்னாவாம். கொப்பர் இன்னும் அதை மறக்கேல்லை. ஆனால் அவ உள்ளை வந்து பாத்தால் அவவின்ரை எலும்புக்கூடு உறைப்பிலை அழுதுகொண்டு நிக்குது. முகம் மாறிப்போச்சுது. தெரியாத வீட்டுக்குள்ளை பிள்ளையளை விடுறேல்லை, வாசலிலை வைச்சுத்தான் குடுக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போட்டா. அவ சொன்னதிலையும் பிழையில்லை. எனக்குச் சொறி எண்டு மன்னிப்புக் கேக்கிறதைத் தவிர வேறை ஒரு இங்கிலீசும் வாயிலை வரேல்லை. எலும்புக்கூடு மட்டும் அழுதழுது மூண்டாவது ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போச்சுது. மூண்டு மாசம் காத்திருந்து வந்த சனத்தை நானே திரத்திப்போட்டன் பிள்ளை. போன பிறகு பாத்தால் ரொபி அப்படியே மேசையிலை இருக்கு, குடுக்க மறந்துபோனன்! நேத்துக் கொப்பர் பெல் அடிச்சுப் பாக்கவும் போகேல்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நீ குளிருக்கை தலையை மூடாமல் வெளிக்கிடாதை. மருமகனுக்கு எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறை. பொறு, பெல் அடிக்குது, கொப்பர் திருப்பித் தொடங்கிட்டார்.

விட்ட இடத்திலையிருந்து எழுதிறன். பெல்லை விடுங்கோ எண்டு நான் கத்த, கொப்பர் எனக்கு முன்னாலை கதிரையிலை இருந்து பேப்பருக்கு மேலாலை என்னைப் பாக்கிறார். ஓடிப்போய்த் திறந்தால் எலும்புக்கூட்டுப் பிள்ளை, இண்டைக்குச் சட்டையோடை, பேர் மேகனாம், பின்னாலை ஜூடித். பிள்ளை ரெண்டு நாளாய் அந்த அழவைச்ச சாப்பாடு வேணும் எண்டு நிக்குதாம். நான் வாசலிலை வைச்சே குடுப்பம் எண்டு வாயைத் திறக்க முந்தி, பிள்ளை குந்தியிருந்து சப்பாத்தைக் கழட்டுது. தாயும் ஒரு கையாலை சுவரைப் பிடிச்சுக்கொண்டு கழட்டுறா.

முன்னறையிலை கொப்பர் இங்கிலீசிலை வெட்டி விழுத்துறார், நான் குசினியிலை எண்ணெய் கொதிக்கிறதுக்கிடையிலை இதை எழுதிறன். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நல்லா இருக்க முருகன் காப்பான். இனிமேல் யோசனை சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லு. ரொபி மூண்டு பையையும் இந்தமுறை மறக்கமாட்டன்.

எண்ணெய்க் கையோடை,
உன்ரை அம்மா
திலகம்